ஓல்டர்ஷாவின் முள்ளங்கிக் கூச்சல்

பிப்ரவரி 27, வியாழன்

காலை ஷிப்ட். மழை. என் பஸ்ஸில் ஒரு பக்கத்து வைப்பர் மட்டும்தான் ஆடுகிறது. டிப்போவில் சொன்னால் தலையை ஆட்டுகிறார்கள், அதோடு சரி.

வீட்டுக்கு வந்து ரசிகர் இணையதளத்தைத் திறந்தால் அங்கே அடிதடி. பயிற்சியாளர் பிக்கப் மறுபடியும் பிரானிகனை வெளியே உட்கார வைக்கப் போகிறாராம். இந்த சீசனில் எங்களுக்கு அதிக கோல் அடித்தவனை! குண்டாக இருக்கிறான், ஓட மாட்டேன் என்கிறான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பந்து வலைக்குள் போகிறதா இல்லையா? எங்கள் கால்பந்து அணி ஓல்டர்ஷா டவுன் நான்காம் பிரிவில் கிடந்து கிடந்து, இப்போதுதான் மேலே ஏறுகிற இடத்தில் வந்து நிற்கிறது. இந்த நேரத்தில் இந்த மனுஷனுக்கு விஷப்பரீட்சை.

தளத்தில் யார் கெட்ட வார்த்தை எழுதினாலும் அது தானாகவே 'முள்ளங்கி' என்று மாறிவிடும். நடத்துகிறவர் அப்படிச் செய்து வைத்திருக்கிறார். மைதானத்தில் என் பக்கத்து சீட்டுக்காரன் நெவ் எழுதியது இப்படி வந்திருந்தது: "இந்த முள்ளங்கி பிக்கப் ஒரு முள்ளங்கி அணியை எடுத்து நம்ம முள்ளங்கியை அறுக்கிறான்." சிரித்ததில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

பழைய படுக்கை விரிப்பில் "பிக்கப், பெட்டியைக் கட்டு" என்று பெயின்டில் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு தோல்வி வரட்டும், கட்டிவிடுகிறேன்.

மார்ச் 8, சனி

0–1. தோற்றது கூடப் பரவாயில்லை. படுக்கை விரிப்பைக் கட்டவும் தோன்றவில்லை.

ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். இரண்டாம் பாதியில் எப்போதும் எங்கள் அணி கால்வாய் முனையை, அதாவது மைதானத்தில் கால்வாய்ப் பக்கமாக நாங்கள் உட்காருகிற கோடியை, நோக்கித்தான் ஆடும். அதுதான் எங்கள் மைதானத்து வழக்கம், வருகிற அணிகளும் அதை மாற்றுவதில்லை. அதனால் இரண்டாம் பாதியில் கால்வாய் முனைக்காரர்களான எங்கள் மூக்குக்கு முன்னால் நிற்பது எதிரணி கீப்பர். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய், அவன் அதைத் தரையில் வைத்துக் கோல் உதைக்கு வரும்போது நான் "ஓஓஓ" என்று எடுத்துக் கொடுப்பேன். நெவ் சேர்ந்துகொள்வான், பிறகு முனை மொத்தமும். பந்தில் கால் படுகிற நொடியில் எல்லோரும் சேர்ந்து அந்த வார்த்தை. ஆணை விரும்புகிற ஆண்களைக் கேவலப்படுத்துகிற வார்த்தை. (இத்தனை வருஷம் கத்தியதற்கு வாய் கூசவில்லை, எழுத மட்டும் கை கூசுகிறது. இது என்ன கணக்கு?)

இன்று வந்த அணியின் கேப்டன் நாணயம் சுண்டியதில் ஜெயித்து, முனையை மாற்றிவிட்டான். முதல் பாதி முழுக்க அவர்கள் கீப்பர் எங்கள் முன்னால். வறுத்து எடுத்தோம். இடைவேளை. இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி, பீர், பிக்கப்பைப் பற்றிச் சண்டை. திரும்பி வந்தால் கால்வாயிலிருந்து மூடுபனி ஏறியிருக்கிறது. இரண்டாம் பாதி, முன்னால் ஒரு கீப்பர், பந்தை வைக்கிறான். என் வாய் தானாகத் திறந்துகொண்டது. ஓஓஓ. பின்னால் அத்தனை பேரும். அந்த வார்த்தை.

நம்ம கீப்பர். டேவின்.

உதைக்கிற நேரத்தில் திரும்பிப் பார்த்தான். பந்து கோணலாகப் போய் எதிரணிக்காரன் காலில் விழுந்தது. கோல். கால்வாய் முனையில் இருமல் சத்தம்கூட இல்லை. நெவ் மட்டும் மெதுவாக, "அய்யய்யோ ஜேனிஸ், அது நம்ம பய" என்று என்னிடம் சொன்னான்.

எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதா என்ன?

மார்ச் 9, ஞாயிறு

நாங்கள் கத்திய வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. எங்கள் பரம எதிரி அணி ஹாரோகில்; அவர்கள் ரசிகர்கள் அதற்குள் பாட்டே கட்டிவிட்டார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

பப்பில் நெவ்வோடும் மற்றவர்களோடும் ஒரே வாக்குவாதம். பாதிப் பேருக்கு டேவினை மாற்ற வேண்டும், கை நடுங்குகிறவன் வேண்டாம். மீதிப் பேருக்கு பிக்கப்பை மாற்ற வேண்டும். ஒருத்தர் மட்டும் அந்த வார்த்தையை மாற்ற வேண்டும் என்றார். அவரை எல்லோரும் சேர்ந்து உட்கார வைத்தோம். "நாம யாரைத்தான் திட்டல? குண்டன், மொட்டை, நடுவரோட அம்மா, எல்லாரையும்தான் திட்டறோம். அது மைதானத்து விளையாட்டு" என்று நான்தான் பேசினேன். கை தட்டினார்கள்.

நன்றாகத்தான் பேசினேன். பிறகு ஏன் வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 14, வெள்ளி

டேவின் வழக்கம்போல மில் தெருவில் ஏறினான். எங்கள் பிரிவில் கீப்பர்களும் பஸ்ஸில்தான் போகிறார்கள். அவனோடு ஒரு கண்ணாடிக்காரனும் தினமும் ஏறுவான். டேவின் முன்னால் உட்காருவான், அவன் கடைசி வரிசைக்குப் போய்விடுவான். ஒரே நிறுத்தத்தில் ஏறுவார்கள், ஒரே நிறுத்தத்தில் இறங்குவார்கள், ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. எனக்கும் எதுவும் தோன்றியதில்லை. பஸ் ஓட்டுகிறவளுக்கு ரோட்டைப் பார்க்கவே நேரம் போதாது.

கடைசி நிறுத்தத்தில் மற்றவர்கள் இறங்கியதும் நானே ஆரம்பித்தேன். "சனிக்கிழமை... பனியில தெரியலப்பா. அவங்க கீப்பர்னு நெனச்சிட்டோம். உன்னைச் சொல்லல."

"அவங்க கீப்பரா இருந்தா பரவாயில்லையா?" என்றான்.

நான் ஸ்டீயரிங்கைத் துடைக்க ஆரம்பித்தேன். அவனே தொடர்ந்தான்.

"எல்லாரும் சேர்ந்து கத்தினா அது வெறும் இரைச்சல். அதை நான் காதுல போட்டுக்க மாட்டேன். ஆனா மொதல்ல எடுக்கறது உங்க குரல். தினமும் காலைல 'வாப்பா டேவின்'னு சொல்ற அதே குரல்." பிறகு படிக்கட்டில் நின்றுகொண்டிருந்த கண்ணாடிக்காரனைக் காட்டினான். "அவன் லூக். மூணு வருஷமா நாங்க ஒண்ணாத்தான் குடும்பம் நடத்தறோம். ஒரு மேட்சுக்குக்கூட அவன் வந்ததில்ல. சீசன் முடிஞ்சதும் நான் வேற கிளப் பாத்துக்கறேன். இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வானிலை சொல்கிற மாதிரி சொன்னான்.

திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் நின்றபோது கண் கலங்கிவிட்டது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

மார்ச் 20, வியாழன்

கிளப்பில் ரசிகர்கள் கேள்வி கேட்கிற மாலைக் கூட்டம். பிக்கப் மேடையில், கோட்டு கூடக் கழற்றவில்லை. பிரானிகனைப் பற்றி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று ஒரு மாதமாகக் கேள்வி தயார் செய்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டார்கள். அவன் ஓட மாட்டான், அதனால் கடைசி இருபது நிமிஷம் வைத்திருக்கிறேன், அப்போது எதிரணிக்காரனும் ஓட மாட்டான் என்றார் பிக்கப். யாருக்கும் பிடிக்கவில்லை.

பிறகு டேவினைப் பற்றி. அந்த நாளிலிருந்து அவன் உதைப்பதெல்லாம் கோணல், அவனை உட்கார வையுங்கள் என்று பின்னாலிருந்து நாலைந்து குரல். பிக்கப் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "என்னைத் திட்டுங்க, அதுக்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம். டேவினை நான் மாத்த மாட்டேன். அவன் உதைக்கறதுல ஒரு குத்தமும் இல்ல. முதுகுக்குப் பின்னாடி சொந்த வீட்டு ஆளுங்க நிக்கறாங்கன்னு அவன் நம்பணும், அவ்வளவுதான். அது என் கையில இல்ல."

நான் கை தட்டிக்கொண்டிருந்தேன். நெவ் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

ஏப்ரல் 12, சனி

2–1 ஜெயித்தோம். எனக்கு மட்டும் தோல்வி.

இரண்டாம் பாதியில் எதிரணி கீப்பர் முன்னால் வந்தான். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்படியும் பின்னால் யாரோ எடுத்தார்கள், முனை பிடித்துக்கொண்டது, வார்த்தை வந்து விழுந்தது. நெவ் கேட்டான், "என்னாச்சு உனக்கு? தொண்டை கட்டிக்கிச்சா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஆமாண்டா, கட்டிக்கிச்சு. நம்ம வாயால நம்ம கீப்பர் ஊரை விட்டே போகப் போறான், போதுமா?"

"யாரு, டேவினா? இன்னும் அதையேவா நெனச்சிட்டிருக்கான்? ஏன்?"

யார்கிட்டயும் சொல்லிடாதீங்க என்று டேவின் கேட்டிருக்கிறானே. நான் மைதானத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நெவ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிகிறவரை அவனும் வாயைத் திறக்கவில்லை. நெவ் வாயைத் திறக்காமல் நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 13, ஞாயிறு

நெவ் தளத்தில் எழுதியிருக்கிறான். எனக்குப் போன் கூடப் பண்ணவில்லை, படுபாவி. எழுதியது அப்படியே:

"கால்வாய் முனைக்காரங்களுக்கு. ஓஓஓ-வை நிறுத்துன்னு யாராவது சொன்னா அது நடக்காது, அது மூச்சு மாதிரி. ஆனா கடைசி வார்த்தை வேணாம். நம்ம ஆளு மேலயே விழுந்துச்சு, பாத்தீங்கல்ல? இனிமே எவனாவது ஓஓஓ முள்ளங்கின்னு கத்தினா என்கிட்ட வந்து பேசட்டும்."

அவன் அந்த வார்த்தையைத்தான் எழுதியிருக்கிறான். தளம் அதை மாற்றிவிட்டது. கீழே முதல் பதில்: "ஏன் நெவ், ஓஓஓ முள்ளங்கி நல்லாத்தானே இருக்கு?" அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் முள்ளங்கி. மூன்று பேர், ஊர் கெட்டுப்போச்சு, மைதானத்தில் ஆம்பளையே இல்லை என்று எழுதி, கொஞ்சம் கெட்ட வார்த்தையும் சேர்த்திருந்தார்கள். அவையும் முள்ளங்கியாகவே வந்தன.

ஏப்ரல் 21, ஈஸ்டர் திங்கள்

கடவுளே! நான் எடுத்தேன், முனை இழுத்தது, பந்தில் கால் படுகிற நொடியில் அத்தனை தொண்டையும் சேர்ந்து "முள்ளங்கி!" எதிரணி கீப்பருக்குச் சிரிப்பு வந்து பந்து நேராக வெளியே போய்விட்டது. 3–0.

மே 2, வெள்ளி

நாளை கடைசி ஆட்டம். ஜெயித்தால் மூன்றாம் பிரிவு. டிரா ஆனால் கூட ஹாரோகில்தான் ஏறும். அவர்கள்தான் வருகிறார்கள்.

டேவினிடம் இன்று காலை எதுவும் சொல்லவில்லை. 'வாப்பா டேவின்' மட்டும் சொன்னேன். தலையசைத்தான்.

மே 3, சனி

குரல் சுத்தமாகப் போய்விட்டது. எழுதியே ஆக வேண்டும்.

ஹாரோகில் கேப்டன் நாணயத்தில் ஜெயித்தான். எங்கள் பக்கம் பார்த்துப் பல்லைக் காட்டினான். முனையை மாற்றினான். வேண்டுமென்றே! மறுபடியும் உளறுவார்கள், மறுபடியும் டேவின் கோணலாக உதைப்பான் என்று கணக்குப் போட்டிருக்கிறான். முதல் பாதி அவர்கள் கீப்பருக்கு முள்ளங்கிக் கச்சேரி நடத்தினோம். கோல் இல்லை. இடைவேளையில் நெவ் பீர் வாங்கப் போகவில்லை. முனையில் பாதிப் பேர் போகவில்லை.

இரண்டாம் பாதி. டேவின் எங்கள் முன்னால் வந்து பந்தை வைத்தான். வாயே திறக்கக்கூடாது என்று பேசி வைத்திருந்தோம். திறக்கவில்லை. அந்த அமைதியில் எதிர்முனையிலிருந்து கேட்டது. ஹாரோகில்காரர்கள், ஓஓஓ என்று இழுத்து, டேவினைப் பார்த்து, எங்கள் பழைய வார்த்தை. எங்களிடமிருந்து கற்றுக்கொண்டது! சிரிக்கிறார்கள். டேவினின் தோள் இறங்கியது. உதைத்தான், கோணல். நல்லவேளை, வெளியே போனது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்த கோல் உதைக்கு அவன் பந்தை வைத்ததும் நான் எழுந்து ஓஓஓ என்று எடுத்துவிட்டேன். நெவ் என் கையைப் பிடித்து இழுத்தான், பைத்தியமா நீ என்று. பின்னால் பழக்கத்தில் ஒவ்வொருத்தராகச் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் என்ன சொல்வது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டேவின் திரும்பி என்னையே பார்த்தான். பிறகு ஓடி வந்தான். கால் படுகிற நொடியில் என் வாயிலிருந்து வந்தது:

"எங்க புள்ள!"

நான் ஒருத்தி மட்டும்தான். மானம் போகிற மாதிரி தனியாக. அடுத்த உதைக்கு நெவ் சேர்ந்தான். அதற்கடுத்ததற்குக் கால்வாய் முனை மொத்தமும், கூரைத் தகரம் அதிர, ஓஓஓ, எங்க புள்ள! ஹாரோகில்காரர்கள் கத்தினார்களா இல்லையா என்றே தெரியவில்லை. அவர்கள் சத்தம் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை.

கடைசி இருபது நிமிஷத்துக்கு பிக்கப் பிரானிகனை இறக்கினார். அவன் ஓடவில்லை. ஹாரோகில் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி, அவர்கள் கீப்பருக்குப் பக்கத்தில் போய் சும்மா நின்றான். ஆஃப்சைடில் நிற்கிறான் முட்டாள், அங்கே பந்து வாங்கினால் செல்லாது என்று நெவ் திட்டினான். ஆனால் கோல் உதைக்கு ஆஃப்சைடு கிடையாதே! பிக்கப்புக்கு அது தெரியும். டேவின் பந்தை வைத்தான். ஓஓஓ. எங்க புள்ள! உதைத்தான் பாருங்கள் ஒரு உதை, நேராக, மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. பந்து பிரானிகன் வயிற்றில் பட்டுக் கீழே விழுந்தது. அவன் அதைச் சாவகாசமாக வலைக்குள் தள்ளினான்.

பிறகு நடந்தது எதுவும் வரிசையாக ஞாபகம் இல்லை. கடைசியில் டேவின் ஒரு பந்தை விரல் நுனியில் தட்டிவிட்டது ஞாபகம் இருக்கிறது. விசில். 1–0. நெவ் அழுதான், நான் அழுதேன், யாரென்றே தெரியாத ஒரு மொட்டைத் தலைக்கு முத்தம் கொடுத்தேன். மூன்றாம் பிரிவு! நாங்கள்! பிக்கப் கால்வாய் முனைக்கு முன்னால் வந்து நின்று கை தட்டினார், எங்களுக்கு. கத்தக் குரல் இல்லை, நானும் திருப்பித் தட்டினேன். அந்த 'பெட்டியைக் கட்டு' படுக்கை விரிப்பை நாளைக்கே துவைத்துப் போட வேண்டும்.

மே 5, திங்கள்

விடுமுறை நாள். வண்டியில் கூட்டம் இல்லை. குரல் வரவில்லை, எல்லோருக்கும் தலையை மட்டும் ஆட்டினேன்.

மில் தெருவில் டேவின் ஏறினான், பின்னாலேயே லூக். டேவின் முன் இருக்கையில் உட்கார்ந்தான். லூக் கடைசி வரிசைக்குப் போகவில்லை. டேவின் பக்கத்திலேயே உட்கார்ந்தான். மார்க்கெட் பையோடு இருந்த ஒரு கிழவர் அவர்களைப் பார்த்தார், பையிலிருந்து ஒரு கட்டு முள்ளங்கியை எடுத்து டேவின் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

இறங்கும்போது டேவின் சொன்னான், "அடுத்த சீசனுக்கு லூக்குக்கு கால்வாய் முனைல ஒரு சீட்டு வேணுமாம். உங்க பக்கத்துல கிடைக்குமா?"

நெவ்வை ஒரு இடம் தள்ளி உட்காரச் சொல்ல வேண்டும்.