அரையடித் தண்டவாளம்

என்னங்க,

குட்டி தூங்கிவிட்டாள். சால்டரிங் அயர்னை அணைத்தேனா என்று திரும்பத் திரும்ப எழுந்து பார்க்கிறேன். அணைத்துத்தான் இருக்கிறது.

பின்னறை மேசையில் குட்டியின் பொம்மை ரயிலுக்கு நீங்கள் போடாமல் விட்ட அரையடித் தண்டவாளத்தை இன்று நான் பற்றவைத்துப் போட்டுவிட்டேன். ஸ்டேஷன், பாலம், சிக்னல் எல்லாம் அசல் போலவே செய்தீர்கள். லெவல் கிராசிங் வந்ததும் அப்படியே விட்டுவிட்டு உங்கள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

முதலில் இஞ்சின் இணைப்பில் இடறி நின்றது. முனையை அரத்தால் ராவியதும் வழுக்கிக்கொண்டு போனது. உடனே குட்டி கேட்டுக்கு வெளியே ஒரு பொம்மையைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"அங்க வேணாம்டி."

"பயப்படாதம்மா. ரயில் போனப்புறம்தான் இவங்க போவாங்க. சொல்லி வச்சிருக்கேன்."

"சரி, நான் ஹாரன் அடிக்கட்டுமா?"

"அது அப்பா வேலை. நீ அடிச்சா ஆடு கத்துற மாதிரி இருக்கு."

கேட்டில் ஒருவர் உங்கள் ரயிலுக்குக் குறுக்கே வந்த அன்றைக்கும் நீங்கள் ஹாரன் அடித்தீர்கள். பிரேக்கும் போட்டீர்கள். விசாரித்தவர்களே அப்படித்தான் எழுதிக்கொடுத்தார்கள். நம்பாதவர் நீங்கள் ஒருவர்தான்.

மறுபடி இஞ்சின் ஓட்ட எப்போது வருவீர்கள் என்று கேட்டு லோகோ ஷெட்டிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை டியூட்டிக்கு வருவார் என்று சொல்லிவிட்டேன். திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடுங்கள். கேட்டைச் சாத்தி வைத்திருக்கிறோம். அப்பா ஹாரன் அடித்து ரயிலைக் கொண்டுபோகும் வரை அந்தப் பொம்மை அசையாதாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு கேட் கீப்பர்