மாப்ளே, நீ பூசிய பேஸ்ட்

இன்று காலை உன் பட்டறைக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்ததும் பின்னாலிருந்து நீலப் புகை கிளம்பி, உன் படம் மாட்டியிருக்கிற சுவர் வரைக்கும் போனது. எரிந்த எஞ்சின் ஆயில் வாடை. டீசல் வாடை வேறு, இது வேறு. இது தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். மூக்கில் ஏறியதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே உன்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டேன். நீ செத்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

எனக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "செத்துப் போனவரு, நீங்கன்னு போடட்டுமா மாமா?" என்று கேட்டாள். வேண்டாம், நீ என்றே போடு என்றேன். தங்கச்சி புருஷன், வயசில் சின்னவன். இருக்கும்போது கொடுக்காத மரியாதையை இப்போது எதற்குக் கொடுப்பது?

ரெண்டாயிரத்து ஆறில் பிச்சாவரம் பக்கம் இறால் பண்ணைக்காரரிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நீதான், அதையும் சொல்லிவிடுகிறேன். டர்போ வைத்த டீசல் வண்டி. டர்போ ஊளையிட ஆரம்பித்ததும் சிதம்பரத்துக்கு, உன்னிடம்தான் கொண்டுவந்தேன். புதுசு மாட்டிக் கொடுத்தாய். அதற்கப்புறம்தான் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. ரயில்வே கேட்டில் நின்று கிளம்பினால் பின்னால் வருகிறவன் லைட்டைப் போடுவான், அவ்வளவு புகை. ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் நுனியில் ஒட்டக்கூட ஆயில் இருக்காது. ஊற்ற ஊற்றக் காணாமல் போனது.

உன்னிடம் கேட்டேன். டர்போ வண்டி என்றால் கொஞ்சம் அப்படித்தான் குடிக்கும், ஊற்றி ஓட்டு என்றாய். பண்ணைக்காரர் கேட்டபோது மட்டும் பேச்சை மாற்றினாய். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"எஞ்சின் தங்கமாட்டம் இருக்குதுங்க. ஆயிலு தானா எங்க போவும்? கூட இருக்கிறவுங்களைக் கேளுங்க."

கூட இருக்கிறவன் நான் ஒருத்தன்தான். அவரும் வேறு எதையும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை திரௌபதியம்மன் கோயிலுக்கு வா, கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணு என்றார். பண்ணை ஆட்கள், வலைக்காரர்கள், எல்லாரும் நின்றார்கள். தட்டில் கற்பூரம் எரிந்தது. ஒரு சொட்டு ஆயில் நான் விற்றதில்லை என்று சொல்லி, உள்ளங்கையை வைத்து அணைத்தேன். நீ கூட்டத்துக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். என் கை வெந்தது, நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

சத்தியத்துக்கப்புறம் பண்ணைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? சரிப்பா, நம்புறேன், ஆனா வண்டிக்கு வேற ஆள் பார்த்துட்டேன் என்றார். அதோடு நான் திருடன். டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால், ஆயில் டின்னை உள்ளே எடுத்து வை என்று கடைக்காரனுக்குச் சொல்லிச் சிரிப்பார்கள்.

புது டிரைவர் வந்தும் வண்டி குடித்தது. பண்ணைக்காரரும் சலித்துப்போய், கடலூரில் டிராவல்ஸ் வைத்திருந்த ஒருவருக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். கேள்விப்பட்டதும் கடலூருக்குப் பஸ் ஏறினேன். சிப்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிறேன், சம்பளம் குறைத்தே கொடுங்கள், அந்தக் காரை என்றைக்குப் பட்டறைக்கு விட்டாலும் என்னைக் கூட நிற்கவிடுங்கள் என்று கேட்டேன். பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார். ஆனாலும் சேர்த்துக்கொண்டார்.

மஞ்சக்குப்பத்தில் அந்தோணி என்று ஒரு மெக்கானிக். எஞ்சினைப் பிரித்துவிடலாமா என்று முதலாளி கேட்டதற்கு, அவசரப்படாதீங்க, முதல்ல அது எந்த வழியா போவுதுன்னு பாப்போம் என்றான். வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வைத்தான். சொட்டு இல்லை. ஓடுகிற எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். காற்று மெதுவாகத்தான் வந்தது. பிஸ்டன் ரிங் நன்றாக இருக்கிறது என்றான். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகிற ஹோஸைக் கழற்றினான். உள்ளேயிருந்து ஆயில் ஊற்றியது மாப்ளே, விளக்கெண்ணெய் மாதிரி. ஆயில் டர்போ வழியாகக் காற்றோடு காற்றாக எஞ்சினுக்குள் போய் எரிந்திருக்கிறது. டர்போவுக்குள் இருக்கிற விசிறியைச் சுழற்றிப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான். ஆட்டமே இல்லை, தேயவில்லை.

"டர்போவுக்கு ஆயிலு வர்றது சரியா வருது. திரும்பிப் போவ வழி இருக்குதான்னு பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்குகிற குழாயைக் கழற்றினான். குழாய் வாயில் பேக்கிங் தகடு வைக்க வேண்டிய இடத்தில் பேக்கிங் இல்லை. கசிவை அடைக்கிற பேஸ்ட்டை அப்பியிருந்தது. இறுக்கும்போது அது உள்ளே பிதுங்கி, குழாய்க்குள் ரப்பர் மாதிரி கெட்டியாகி, ஒரு குச்சி போகிற ஓட்டைதான் மிச்சம். இறங்க வழியில்லாத ஆயில் டர்போவிலேயே நிரம்பி, ஆயில் சீல் தாங்காமல் காற்று வழிக்குள் போயிருக்கிறது. அந்தோணி அதைச் சுரண்டி எடுத்தான், ஹோஸ்களைக் கழுவினான், பேஸ்ட் தொடாமல் புதுப் பேக்கிங் வைத்து முடுக்கினான். விழுப்புரம் போய்த் திரும்பினோம். பழைய ஆயில் எரிந்து தீர்கிற மட்டும் கொஞ்சம் புகைந்தது, பிறகு நின்றுவிட்டது. ஆயில் குச்சியில் கோடு வைத்த இடத்திலேயே ஆயில் நின்றது.

சுரண்டி எடுத்த பேஸ்ட் கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் வந்தேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். தங்கச்சி கமலா எனக்கும் இலை போட்டுவிட்டுப் பின்பக்கம் போனாள். கட்டியை உன் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். என்னது என்றுகூட நீ கேட்கவில்லை.

"அப்பவே தெரியும் மச்சான். பேக்கிங் கெடைக்கலை, பேஸ்ட்டைப் பூசிட்டேன். அதை வெளிய சொன்னா பண்ணை வண்டி ஒண்ணும் என்கிட்ட வராது. உனக்கென்ன, எங்க போனாலும் ஸ்டியரிங்கைப் புடிச்சுப் பொழைச்சுக்குவே."

பேஸ்ட் பூசினதை நான் மன்னித்திருப்பேன். எல்லாப் பட்டறையிலும் நடக்கிறதுதான். அந்த 'அப்பவே' இருக்கிறதே, அதை எப்படி மன்னிக்க? அப்பவே தெரிந்துதான் என் கை வேகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அதே கோயிலுக்கு வந்து அதே ஆட்கள் முன்னால் இதைச் சொல் என்றேன். தீமிதி முடியட்டும் என்றாய். அடுத்த வருஷமும் தீமிதி வந்தது. அதற்கடுத்த வருஷமும். கடைசியில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை. தப்பித்துவிட்டாய்.

உன் காரியத்துக்குப் பண்ணைக்காரர் வந்திருந்தார். தங்கச்சிக்குக் கோடிப் புடவை போட்ட கையோடு அவரிடம் போய்க் கதையை முழுசாகச் சொன்னேன். எந்த வண்டிப்பா என்று கேட்டார். கற்பூரம் அணைத்தது அவருக்கு ஞாபகமே இல்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது நீ என்னிடம் சொன்னது காதில் விழுந்திருந்தால் கமலாவுக்கு மட்டும்தான் விழுந்திருக்கும். அவளைக் கூப்பிட்டு, நீ சொல்லும்மா என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "சாப்புட்டுப் போ அண்ணா" என்றாள். கொடியில் கிடந்த உன் வேட்டியைப் பார்த்துக்கொண்டு நான் கை கழுவினேன்.

தனியாக இருக்கிறாளே என்று சிதம்பரத்துக்கே வந்துவிட்டேன். பட்டறையை வாடகைக்கு விட்டிருக்கிறோம். பகலெல்லாம் அங்கே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் படத்தைக் காட்டி, இது யாருங்க என்று வண்டிக்காரர்கள் கேட்பார்கள். விடுவேனா? அவள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒருத்தர் விடாமல் சொல்லிவிடுவேன். உன் முதல் தெவசம் வருவதற்குள் சிதம்பரத்தில் பாதிப் பேருக்கு உன் பேஸ்ட் தெரிந்துவிடும்.

இன்று வெள்ளைக் கார்க்காரரும் கேட்டார். வாடைக்கு மூச்சு முட்ட, குரல் கொஞ்சம் பெரிசாகவே வந்துவிட்டது. டீ கொண்டுவந்த கமலா பின்னால் நிற்பதை நான் பார்க்கவில்லை. கார்க்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, செத்தவரு வந்து இல்லேன்னா சொல்லப் போறாரு பெரியவரே என்று சிரித்தார்.

கமலா டீயை அவர் கையில் கொடுத்தாள்.

"எங்க அண்ணன் திருடலைங்க. எங்க வூட்டுக்காரர் வாயாலயே சொன்னாரு, தெரிஞ்சுதான் பண்ணேன்னு. பின்னாடி பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன், காதால கேட்டேன்."

அவ்வளவுதான். எனக்கும் ஒரு டீயை வைத்துவிட்டுப் போய்விட்டாள். உன் படத்தை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், நன்றாகப் பார்த்தேன். சாகிற வரைக்கும் உன் வாய் சொல்லாததை உன் பெண்டாட்டி வாய் சொல்லிவிட்டது, உன் பட்டறையிலேயே, உன் முகத்துக்கு நேராகவே. இனிமேல் நான் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டியதில்லை.