ராகுகாலம் முடியட்டும் என்று காத்திருந்தோம், அக்கா

யார் வந்து கதை சொன்னாலும் பேனாவை மூடிவைத்துவிட்டு, நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளும் என் கலா அக்காவுக்கு,

திருப்பிப் போடுங்கள் அக்கா, சீக்கிரம். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. வலது உள்ளங்கை முழுக்க ஸ்டாம்ப் மை. புடவைக் கரையில் உங்கள் ஊர் வரிச்சிக்குடிச் சேறு. "ஆபீஸ் போயிட்டு வந்தியா, நாத்து நடப் போயிட்டு வந்தியா?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். உங்களிடம் சொன்ன பிறகுதான் குளிக்கவே போவேன்.

"கடைசில என்ன ஆச்சு, அத மொதல்ல சொல்லு புள்ள" என்று குறுக்கே விழாதீர்கள். வரிசையாகத்தான் சொல்வேன். இத்தனை நாள் நீங்கள் பேசி நான் கேட்டேன். இன்றைக்கு என் முறை.

நீங்கள் போனபிறகு, கருணை அடிப்படையில் உங்கள் மகள் கௌசிக்கு வேலை கேட்டு மனுப் போட்டோம். ஃபைல் புதுச்சேரிக்குப் போயிற்று. அப்புறம் என்ன, உங்களுக்குத் தெரியாததா? "பாண்டிக்குப் போயிருக்கு" என்ற பதிலையே இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தோம். கிடைத்தாலும் மாஹேக்கோ ஏனாமுக்கோ தூக்கிப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று வேறு பயம். போன மாதம் ஆர்டர் வந்தது பாருங்கள், காரைக்காலுக்கே! அதுவும் நம் ஆபீசுக்கே! உங்கள் எதிர் சீட்டு ஷாகுல் பாய் பட்டினத்திலிருந்து தம்ரூட் இனிப்பு வாங்கிவந்து ஆபீஸ் முழுக்கக் கொடுத்தார்.

ஆனால் உங்கள் மகள் வரமாட்டேன் என்றாள். சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள் அல்லவா, அங்கிருந்து போன் செய்தாள்.

"அம்மா செத்ததுக்குக் குடுக்குற வேலை சித்தி. தெனம் காலைல அந்த நாற்காலில உக்காரும்போது எனக்கு அதான ஞாபகம் வரும்?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நிஜமாகவே கேட்கிறேன். "உன் இஷ்டம்டா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டு, ரெக்கார்ட் ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அவளை மாற்றியது நான் இல்லை. உங்கள் வீட்டுக்காரர், நம் மாமாதான், அதுவும் அவருக்கே தெரியாமல். வரிச்சிக்குடியில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு, முழங்கால் வலியோடு வயலுக்குப் போய்வந்துகொண்டு, எப்போது போன் செய்தாலும் "எனக்கென்னம்மா, நல்லாருக்கேன்" என்கிறார். அந்த நல்லாருக்கேனைக் கேட்டுக் கேட்டு அவளுக்குத் தாங்கவில்லை. முந்தாநாள் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். ஆர்டரில் போட்டிருந்த கடைசி நாள் இன்றைக்கு. இன்று சேரவில்லை என்றால் ஆர்டர் ரத்து. மறுபடி ஃபைல் புதுச்சேரிக்குப் போனால் எந்த ஜென்மத்தில் திரும்பிவருமோ.

அக்கா, இன்றைக்கு என்ன கிழமை என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை!

இங்கே ஆபீசராக வருகிறவர்கள் எல்லாம் புதுச்சேரிக்காரர்கள், வெள்ளிக்கிழமை மதியம் பஸ் ஏறினால் திங்கட்கிழமைதான் முகம் பார்க்கலாம் என்பது நம் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். இப்போது இருப்பவர் நீங்கள் பார்க்காதவர். நல்ல மனுஷன்தான். வெள்ளிக்கிழமையானால் மட்டும் அவர் மனசு காலையிலேயே கடலூரைத் தாண்டிவிடும். கௌசி வந்து சேர்ந்தேன் என்று எழுதிக் கொடுத்தால் போதாது. சேர்த்துக்கொண்டேன் என்று அவர் கையெழுத்துப் போட்டு, இன்றைக்கே அது புதுச்சேரிக்கு மெயிலில் போகவேண்டும்.

காலையில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் உடல்தகுதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வரவேண்டியிருந்தது. டாக்டர் தாமதம். ஓட்டமும் நடையுமாக வந்து என் முன்னால் நின்று, "சித்தி, ஆர்டரக் குடுத்துடலாமா?" என்றாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தரை தாண்டியிருந்தது.

"இரு புள்ள. ராகுகாலம் பொறந்துடுச்சு. பன்னெண்டு மணிக்குக் குடுப்போம்."

"எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல சித்தி."

"உனக்கில்லன்னா? உங்கம்மா ராகுகாலத்துல புதுப் பேனா மூடியக்கூடத் தொறக்க மாட்டாங்க, தெரியுமா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். உங்கள் பெயரை எடுத்தால் அவள் எப்போதும் அப்படித்தான் ஆகிவிடுகிறாள். நான்தான் கவனிக்கவில்லை.

சிரிக்காதீர்கள்! என்னைக் கெடுத்து வைத்ததே நீங்கள்தானே. ராகுகாலத்தில் புதுத் தபாலைக் கையால் தொடமாட்டீர்கள். ஆபீசரே நீட்டினாலும், "வச்சிட்டுப் போங்க சார், பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு மணி பிளாண்டுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவீர்கள். அந்த மணி பிளாண்ட் இப்போது ஜன்னலையே மூடிவிட்டது, தெரியுமா?

காத்திருந்தோம். உங்கள் நாற்காலியில் நீங்கள் போனதிலிருந்து யாரும் உட்காரவில்லை. பழைய ஃபைல்களை அடுக்கி வைத்திருந்தோம். கௌசி அந்தப் பக்கமே திரும்பாமல், மனுக் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஆபீசர் ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஃபேன் சத்தம் கேட்டது. மனுஷன் உள்ளேதான் இருக்கிறார் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

மணி பன்னிரண்டு அடித்ததோ இல்லையோ, தட்டில் கல்கண்டும் ஆர்டரும் வைத்து, அவளை முன்னால் விட்டுக் கதவைத் தள்ளினேன். நாற்காலியில் வெள்ளைத் துண்டு இருந்தது. ஆளைக் காணோம். ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீஸ் செல்லுக்குப் போன் போட்டால் அவர் மேசை டிராயருக்குள்ளேயே மணி அடிக்கிறது! சொந்த நம்பர் நம்மில் யாருக்கும் அவர் கொடுத்ததில்லை.

வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சார் அப்பவே போயிட்டாரும்மா. பயணம் கெளம்புறப்ப ராகுகாலம் குறுக்க வரக் கூடாதுன்னு, அதுக்கு முன்னாடியே பையோட எறங்கிட்டாரு. பஸ் ஸ்டாண்டுகிட்ட சாப்புட்டுட்டு பன்னெண்டு மணி பஸ்ஸுக்குப் போவாரு."

ஐயோ அக்கா! ராகுகாலத்துக்காக நாங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். அதே ராகுகாலத்துக்காக அவர் எப்போதோ வெளியே போய்விட்டிருக்கிறார். இந்தக் கூத்து வேறு எந்த ஊரிலாவது நடக்குமா?

கௌசி என் கையிலிருந்த தட்டை வாங்கி மேசைமேல் வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

"விடுங்க சித்தி. அம்மாவுக்கே இது புடிக்கலபோல."

நான் பிடித்த பிடிவாதத்துக்கு உங்கள் தலையில் பழியா? எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ, ரப்பர் ஸ்டாம்ப், மைப்பெட்டி, தட்டிலிருந்த ஆர்டர், வந்து சேர்ந்தேன் என்று அவள் எழுதிவைத்திருந்த தாள் எல்லாவற்றையும் கைப்பைக்குள் அள்ளிப் போட்டேன். "ஏறுடி வண்டில!" என்று கத்தினேன். ஆபீசில் நான் கத்தி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? இன்றைக்கு எல்லாரும் கேட்டார்கள்.

ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஷாகுல் பாய், பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருக்கும் அவர் மச்சானுக்குப் போன் போட்டார். "இப்பத்தான் வெளிய எடுத்தானாம் வசந்திம்மா! கோட்டுச்சேரில நின்னு ஆள் ஏத்துவான். போங்க, போங்க! நான் துவா செய்றேன்!"

என் ஸ்கூட்டியைத்தான் உங்களுக்குத் தெரியுமே. பாரதியார் சாலையில் வெள்ளிக்கிழமைக் கூட்டம், திருநள்ளாறு போகிற வெளியூர்க் கார்கள் வேறு. நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கோட்டுச்சேரி வந்தோம். பஸ் போய்விட்டிருந்தது. தூரத்தில் அதன் முதுகு மட்டும் தெரிந்தது. இந்த வண்டியை வைத்துக்கொண்டு அதைப் பிடிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தரங்கம்பாடி தாண்டிவிட்டால் அவ்வளவுதான்.

அப்போதுதான் பின்னாலிருந்து கௌசியின் குரல் கேட்டது. என்னிடம் இல்லை, போனில்.

"அப்பா! வயல்லயா இருக்கீங்க? ரோட்டுக்கு ஏறுங்கப்பா. பாண்டி பஸ் நம்ம ஊரத் தாண்டப் போவுது, நிறுத்துங்க! எப்படியாச்சும் நிறுத்துங்கப்பா!"

"எதுக்கும்மா?"

"என் வேலைக்குப்பா!"

கேட்டீர்களா அக்கா? என் வேலை என்றாள். எனக்கு வண்டி ஆடிவிட்டது.

வரிச்சிக்குடி வளைவில் நான் பார்த்த காட்சியை நீங்களும் எங்கிருந்தாவது பார்த்திருக்கவேண்டும். நடுரோட்டில் பஸ். அதன் முன்னால் முழங்கால்வரை சேறோடு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்காரர். வாழ்நாளில் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன்!

"யோவ் பெரியவரே, இது எக்ஸ்பிரஸ்சு! இங்கல்லாம் ஏத்த மாட்டோம்!" என்று கண்டக்டர் கத்துகிறார்.

"நான் ஏற வரலங்க. உள்ள ஒரு சார் இருக்காரு. அவரு எறங்கணும்."

ஜன்னலோரம் முகத்தில் கைக்குட்டையைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார் சார். நான் ஏறிப்போய் "சார்" என்றதும் பேயைப் பார்த்ததுபோல விழித்தார். படிவரை இறங்கி வந்தார். முகத்தில் கோபம்.

"என்னம்மா இது? பஸ் எடுக்குறதுக்கு முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?"

"ராகுகாலம் சார்..."

பஸ்ஸே சிரித்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலை இறக்கி, "நானும் அதுக்குத்தாம்மா ஆபீஸ விட்டு முன்னாடியே எறங்கினேன்" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

ஆர்டரை வாங்கிப் படித்தார். உங்கள் பெயர் வந்த இடத்தில் அவர் கண் நின்றது.

"கலாவதி... ஆபீஸ்ல எதுக்கெடுத்தாலும் 'கலாக்கா இருந்தா, கலாக்கா இருந்தா'ம்பீங்களே, அவங்களா?"

"என் சம்சாரம்ங்க" என்றார் மாமா.

சார் பேனாவுக்குக் கையை நீட்டினார். தாளை வைக்க இடமில்லை. மாமா சட்டென்று குனிந்து முதுகைக் காட்டினார். "ஐயையோ, நிமிருங்க, நிமிருங்க" என்று சார் அவர் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டு, பஸ் படியிலேயே தாளை வைத்து, அந்த வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார் அக்கா. ஸ்டாம்ப் வைக்கிற அவசரத்தில் மைப்பெட்டி கவிழ்ந்து, பாதி மை என் கையில். டிரைவர் ஹாரன் அடிக்கிறார், உள்ளே ஒரு அம்மா கைதட்டுகிறார், கண்டக்டர் "கங்கிராட்ஸ்மா, வழிய விடுங்க" என்கிறார்.

"திங்கக்கெழம நேரத்துக்கு வந்துடும்மா" என்றார் சார்.

"சேந்தது இன்னைக்குப் பிற்பகல்னு போட்டிருக்கீங்க சார். இன்னைக்கே போயி உக்காரணும்ல?" என்றாள் கௌசி.

பஸ் போனபிறகு மாமா தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ரோட்ட மறிச்சதுக்கு உங்கம்மா இருந்தா என்னத் திட்டித் தீர்த்திருப்பா" என்றார். கௌசி சிரித்தாள். நீங்கள் போனபிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவே இல்லை. மாமாவும் நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்ட தாளை ஸ்கேன் செய்து புதுச்சேரிக்கு அனுப்பினேன். திரும்பிப் பார்த்தால், உங்கள் நாற்காலியிலிருந்த ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் யாரும் சொல்லவில்லை. துப்பட்டாவாலேயே தூசியைத் துடைத்தாள். அப்புறம் உட்கார்ந்தாள்.

காரைக்கால்மேட்டு அஞ்சலையம்மாவை ஞாபகம் இருக்கிறதா? பென்ஷன் விஷயமாக வந்து, கடலில் அன்றைக்கு மீன் பட்டதா இல்லையா என்பதிலிருந்து ஆரம்பிக்குமே, அந்த அம்மாதான். இன்றைக்கென்று பார்த்து வந்து நின்றது.

"இது கலா உக்கார்ற எடமாச்சே. நீ யாரு புள்ள?"

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

"அவங்க பொண்ணுங்க. இனிமே நான்தான் இங்க. உக்காந்து சொல்லுங்க, என்ன வேணும்?"

அந்த அம்மா உட்கார்ந்து, வழக்கம்போலக் கடலிலிருந்து ஆரம்பித்தது. கௌசி கையிலிருந்த பேனாவை மூடிவைத்தாள். நாற்காலியை அந்த அம்மா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஷாகுல் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் மணியைப் பார்த்தேன். மூன்றரை. வெள்ளிக்கிழமை மூன்றரை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். நல்ல எமகண்டம். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"அப்படியே உங்கம்மாடி நீ" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். உங்கள் பெயரைச் சொல்லித்தானே காலையில் அவள் வாயை அடைத்தேன், வேலையையே பறிகொடுக்கப் பார்த்தேன்? இனி "உங்கம்மா இருந்தா" என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. அவள் நாற்காலியில் அவள் அவளாகவே இருக்கட்டும். உங்களைப் பற்றிச் சொல்ல வரும்போதெல்லாம் உங்களிடமே வந்து சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் மட்டும் நாற்காலியை என் பக்கம் திருப்பியே வைத்திருங்கள்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கை,
கௌசியின் சித்தி,
வசந்தி