ஆளுக்கேற்ற முடிச்சு

அனுப்புநர்:
மரமேறும் ஊழியர் (பெண்), இரண்டாம் குழு,
பூங்கா ஊழியர் குடியிருப்பு.

பெறுநர்:
பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
பூங்காக்கள் துறை.

பொருள்: மரமேறுவோர் அனைவரும் ஒரே வகைப் பிடிமுடிச்சையே கட்ட வேண்டும் என்ற ஆணையைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவரும் தங்கள் துறையில் மரக்கிளை வெட்டும் வேலையில் இருக்கிறோம். ஒரே குழு, ஒரே வீடு. அவருக்குக் கனத்த உடம்பு. என்னைக் குழுவில் ‘ஊசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். சென்ற மாதம் அவர் மரத்திலிருந்து கயிற்றோடு சறுக்கி இறங்கியதைத் தாங்கள் அறிவீர்கள். புதரில் போய் உட்கார்ந்தார். சிராய்ப்பைத் தவிர ஒன்றுமில்லை. மறுநாளே தாங்கள் நேரில் வந்து நலம் விசாரித்ததை வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

2. அதன்பின் நாங்கள் கட்டும் இருவகை முடிச்சுகளான பின்னலையும் புருசிக் என்பதையும் இழுவை இயந்திரத்தில் சோதித்து, அதிகப் பாரம் தாங்கிய புருசிக் முடிச்சையே ஆறு சுற்றோடு எல்லோரும் கட்ட வேண்டும் என்று ஆணையிட்டீர்கள். சோதனை சரியானதே. ஆனால் எங்கள் இருவரையும் சேர்த்துத் தொங்கவிட்டாலும் அவற்றில் எதுவும் அறாது. எங்களுக்கு வேண்டியது, உடம்பின் பாரம் விழுந்ததும் முடிச்சு கயிற்றைக் கவ்விப் பிடிப்பதும், கையால் தள்ளினால் இளகி நகர்வதும். சுற்று குறைந்தால் கனத்த ஆள் வழுக்குவார். கூடினால் லேசான ஆளால் அதை அசைக்க முடியாது.

3. நான் கட்டுவது பின்னல் முடிச்சு. மேலே சில சுற்று, கீழே பின்னல். என் எடைக்கு அளவாகப் பிடிக்கும், தொட்டால் இறங்கும். அதன் குறையையும் மறைக்கவில்லை: கட்டியதும் கையால் இறுக்கி அமர்த்தாவிட்டால் பிடிக்காமல் ஓடிவிடும். புருசிக் அப்படி ஏமாற்றாது; ஆனால் இறுகிவிட்டால் கல்தான்.

4. போன வாரம், ஆணைப்படி நான் கட்டிய புருசிக் என்னிடம் இறுகிக்கொண்டது. ரம்பத்தை இடுப்பில் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் நெம்பியும் அசையவில்லை. கீழே கூட்டம் கூடிவிட்டது. டீயை மேலே அனுப்பட்டுமா என்று காவலாளி அண்ணன் கேட்டார். என் கணவர் ஏறிவந்து, தன் தோளில் என் காலை ஊன்றச் சொல்லிப் பாரத்தை வாங்கிய பிறகே முடிச்சு இளகியது. சிரித்துக்கொண்டேதான் இறங்கினேன். ஆனால் பக்கத்துக் கிளையில் குளவிக்கூடு இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

5. அன்று வீட்டுக்கு வந்ததும்தான் அவர் வாயைத் திறந்தார். அவர் சறுக்கிய நாளில் மாட்டியிருந்தது, என் எடைக்கு நான் முடிச்சுப் போட்டு வைத்திருந்த என் கயிறு. நான் கீழே கிளை பொறுக்கிக்கொண்டிருக்க, ஒரே நிறம் என்பதால் அவசரத்தில் மாற்றி எடுத்திருக்கிறார். விசாரணையிலோ, தானே கட்டிய முடிச்சு என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டேன். “உன் முடிச்சுதான் என்னைக் கீழ போட்டுதுன்னு காலத்துக்கும் சொல்லுவாங்க. விழுந்தது நான்தானே, போகட்டும்னு விட்டுட்டேன்” என்றார். என் முடிச்சைக் காப்பாற்றப் போய் அதற்கே தடை வாங்கிக் கொடுத்துவிட்டார். கோபப்படத்தான் நினைத்தேன், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. உண்மையை மறைத்ததற்குத் தாங்கள் அவரைக் கண்டிக்கலாம். வீட்டில் ஏற்கெனவே கண்டித்தாயிற்று.

6. ஆகவே, அவரவர் எடைக்கேற்ற முடிச்சையும் சுற்றையும் கட்ட அனுமதித்தும், ஆளுக்கொரு நிறத்தில் கயிறு வழங்கியும், ஏறுமுன் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தொங்கிப் பார்ப்பதைக் கட்டாயமாக்கியும் ஆணையைத் திருத்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஐயமிருந்தால் ஒருநாள் தாங்களே வந்து இரண்டிலும் தொங்கிப் பாருங்கள். தங்களுக்கு எத்தனை சுற்று தேவைப்படும் என்று பார்த்து என் கணவரே கட்டித் தருவார். இந்த முறை கயிறு யாருடையது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இடம்: பூங்கா ஊழியர் குடியிருப்பு
நாள்: 14ஆம் தேதி, திங்கள்

இங்ஙனம்,
(கையொப்பம்)
மரமேறும் ஊழியர், இரண்டாம் குழு

சாட்சி: ஐந்தாம் பத்தி உண்மை. அதை எழுத வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.
(கையொப்பம்)
கணவர்