கல்லுக்கு அரைமைல் கிழக்கே

அண்ணை,

உங்கள் தூண்டில் பெட்டி இப்போது என் குசினி மேசையில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மனைவி அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் தந்தார். மூடியைத் திறந்ததும் பெருஞ்சீரக மணம் வீடு முழுக்கப் பரவிவிட்டது. ரப்பர் இரைகளுக்கு ஏன் அந்த மணத்தை ஏற்றுகிறார்கள் என்று படகில் வருகிறவர்களுக்கு நீங்கள் விளக்குவீர்கள். கையில் ஒட்டியிருக்கும் பெற்றோல் மணம் மீனுக்குத் தெரியாமல் மறைப்பதற்கு என்பீர்கள். மறைக்கிற விஷயத்தில் உங்களுக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

உங்கள் நினைவு மலரில் ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். ஒன்பது பேரும் ஒரே மாதிரித்தான் புகழ்ந்திருந்தார்கள். என்னிடமும் கேட்டார்கள். நேரமில்லை என்று சொல்லித் தப்பினேன். நேரம் வேண்டியமட்டும் இருந்தது. அந்தப் பளபளத் தாளில் அச்சிட முடியாததை இப்போது உங்களுக்கு நேராகவே எழுதுகிறேன்.

நாங்கள் முதலில் கண்டது டோர்வல் ஏரிக்கரையில். விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்குகிற சமையற்கூடத்தில் எனக்கு விடியற்கால வேலை. மத்தியானம் ஒரு மணிக்கு விட்டுவிடுவார்கள். கலியாணம் முறிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சென்-மிஷேலில் இருந்த என் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட ஏரிக்கரையில் நிற்பது மேல் என்று ஒரு மலிவுத் தூண்டிலோடு தொடங்கியவள் நான். நீங்கள் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்குகிறவர், வேலை முடிந்து அதே கரைக்கு வருவீர்கள். அன்று நான் ஒரு பெரிய பாஸ் மீனைக் கொக்கியிலிருந்து கழற்றித் தண்ணீரில் விட்டதைப் பார்த்துவிட்டு வந்தீர்கள்.

“தங்கச்சி, தமிழோ?”

“ஓம்.”

“உவ்வளவு பெரிய மீனைப் பிடிச்சுப்போட்டுத் திரும்ப விடுறியள்?”

“அப்பதானே திரும்பப் பிடிக்கலாம்.”

நீங்கள் சிரித்தீர்கள். நல்ல சிரிப்பு அது. அதை இல்லையென்று சொல்லமாட்டேன்.

உங்களிடம் பழைய அலுமினியப் படகு ஒன்று இருந்தது. என்னையும் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னீர்கள். ஏற்றுவதற்கு முன் ஒரு நிபந்தனையும் போட்டீர்கள். “வெளியில ஒருத்தரிட்டயும் கதைக்காதேங்கோ. நீங்கள் தனிய இருக்கிற பொம்பிளை, நான் குடும்பக்காரன். எங்கட சனம் சும்மா இராது.” எனக்கு அது கரிசனையாகப் பட்டது. எங்கள் சனத்தின் வாயை நானும் அறிவேன். மூன்று கோடை, எல்லோரும் படகு இறக்குகிற இடத்தில் நான் ஏறவில்லை. சற்றுத் தள்ளி, ஒரு சின்ன மரப்பாலத்தில் காத்திருந்து ஏறினேன். உங்கள் வீட்டில் நீங்கள் தனியாகப் போனதாக இருந்தது. என் வேலைத்தலத்தில் நான் எங்கேயும் போகாததாக இருந்தது. ஒரு சாட்சி மிச்சமில்லாமல் என்னை நானே துடைத்துக் கொடுத்தேன். அந்த மடத்தனம் முழுக்க என்னுடையது.

நீங்கள் மீனைத் தேடினீர்கள், நான் அடித்தரையைத் தேடினேன். இதை உங்கள் மலரில் எழுதிய ஒருவருக்கும் தெரியாது. சென்-லூயி ஏரி பெரிது. அதன் அடி பெரும்பாலும் சேறும் பாசியும். சின்னவாய்ப் பாஸ் மீனுக்குக் கல் வேண்டும். நான் கொக்கி இல்லாமல் வெறும் ஈயக் குண்டை நூலில் கட்டி அடியில் இழுத்துக்கொண்டே வருவேன். சேற்றில் அது ஈரத்துணியைப் போல இழுபடும். கல் வந்தால் விரலில் தட்டும். நீங்கள் முன்னால் இருந்து வீசுவதும் தேநீர் குடிப்பதும் அரசியல் கதைப்பதுமாக இருக்க, நான் பின்னால் இருந்து மூன்று கோடை அந்தத் தட்டலுக்காக விரலை வைத்திருந்தேன்.

மூன்றாம் கோடை, ஆவணி மாதம், அது தட்டியது. பதினான்கு அடி ஆழத்தில் போய்க்கொண்டிருந்த குண்டு சடசடவென்று ஏறி ஆறு அடிக்கு வந்தது. கரையிலிருந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே தெரியாது, நடு ஏரியின் வெறும் தண்ணீர்தான். நான் உடனே தலையை நிமிர்த்திக் கரையைப் பார்த்து அடையாளம் எடுத்தேன். வடக்கே தேவாலயக் கோபுரத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கி முழுதாக மறைய வேண்டும், மேற்கே தீவின் முனையும் ஒரு பச்சைக் கூரையும் ஒன்றையொன்று தொடவேண்டும். அன்று பின்னேரத்துக்குள் இரண்டு பேரும் இருபது மீனுக்கு மேல் பிடித்து விட்டோம். “நீங்கள் பேய்க்காய், தங்கச்சி” என்றீர்கள். “நான் இதைச் செத்தாலும் கண்டுபிடிச்சிருக்க மாட்டன்.”

அந்த வசனத்தைக் கேட்டது நானும் ஏரியும்தான்.

அடுத்த ஆனி மாதம் மீன்பிடிப் பருவம் திறந்த அன்று மரப்பாலத்தில் நின்றேன். நீங்கள் என்னைத் தாண்டிப் போனீர்கள். படகில் மூன்று வெள்ளைக்காரர் இருந்தார்கள். கையை உயர்த்தி, “இண்டைக்கு இடமில்லை, தங்கச்சி” என்று மட்டும் சொன்னீர்கள். நீங்கள் காசுக்கு ஆட்களை மீன்பிடிக்க ஏற்றிப்போகிற வழிகாட்டித் தொழில் தொடங்கியிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அனுபவமுள்ளவர்களுக்கு மட்டும் என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் துண்டுப்பிரசுரம் வேறு. கெட்டித்தனம்தான். தொடக்கக்காரனுக்கு வீசப் பழக்கவேண்டும், முடிச்சுப் போடக் காட்டவேண்டும், சிக்கெடுக்கவேண்டும். நாற்பது வருடம் தூண்டில் பிடித்தவனுக்கு இது ஒன்றும் தேவையில்லை. அவன் வழிகாட்டியிடம் கேட்பது இடம் ஒன்றைத்தான். உங்களிடம் இருந்தது ஒரே ஒரு இடம், அதுவும் என்னுடையது.

சரி, தொழில் செய்யட்டும், ஒரு நாளைக்கு என்னையும் கூப்பிடுவார் என்று இருந்தேன். அந்த இலையுதிர் காலத்தில் தமிழ்க் கடையில் கிடந்த இலவசப் பத்திரிகையில் உங்கள் படம் வந்தது. கையில் மீன், தலையில் தொப்பி. மூன்று கோடை தன்னந்தனியாகத் தேடி அந்தக் கல்லைக் கண்டுபிடித்ததாகச் சொல்லியிருந்தீர்கள். ஈயக் குண்டு, விரல், கோபுரம், தண்ணீர்த் தாங்கி, ஒன்றையும் விடவில்லை. என் கையை வெட்டி எடுத்து உங்கள் தோளில் பொருத்தியிருந்தீர்கள். கடைக்காரர் அதை வாசித்துவிட்டு, “எங்கட ஆள், பாத்தியளோ” என்று பெருமைப்பட்டார். நான் கத்தரிக்காயைத் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன்.

கேட்கத்தான் செய்தேன். படகு இறக்குகிற இடத்துக்கே வந்து கேட்டேன்.

“உங்கட பேரைச் சொன்னா, படகில என்னோட என்ன செய்தனியள் எண்டு கேப்பாங்கள், தங்கச்சி. உங்களுக்காகத்தான் சொல்லேல்லை.”

“நான் கேட்டனானோ அப்பிடிச் செய்யச் சொல்லி?”

“பேந்து யோசிச்சுப் பாருங்கோ. விளங்கும்.”

யோசித்துப் பார்த்தேன், அண்ணை. இரண்டு வருடம் கழித்துச் சொந்தமாக ஒரு சின்னப் படகு வாங்கி, எல்லோரும் பார்க்க, தனியாக ஏரியில் இறங்கினேன். சனம் கதைத்தது. ஒரு மாதம் கதைத்துவிட்டு ஓய்ந்துபோனது. நீங்கள் என்னைக் காப்பாற்றியதாகச் சொன்ன ஆபத்தின் முழு நீளமும் அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் ஒரு நாள் காலை என் கல்லின் மேல் நங்கூரம் போட்டு இருந்தேன். நீங்கள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். கிட்ட வந்து எஞ்சினை நிறுத்தி, என்னைப் பாராமல், அவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னீர்கள். இந்தப் பெண் எப்போதும் என் பின்னால் வந்து என் இடங்களைத் திருடுகிறவள் என்று. மீன்பிடிக்காரருக்கு இடம் திருடுகிறவனைவிடக் கேவலமான பிறவி வேறில்லை. அந்த நான்கு பேரும் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் கழுவ முடியவில்லை. நான் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு விலகினேன். ஏன் விலகினேன் என்று எத்தனையோ நாள் என்னையே திட்டியிருக்கிறேன்.

பிறகு நீங்கள் நோயில் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு மூன்று தரம் வந்தேன். ஊருக்கு நல்ல பிள்ளையாக நடிக்க வரவில்லை. ஒரு வசனம் வாங்க வந்தேன். ‘அது நீங்கள் கண்டுபிடிச்ச கல்லு’, அவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால் மிச்சம் எல்லாவற்றையும் அந்தக் கட்டிலடியிலேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். மூன்று தரமும் நீங்கள் கேட்டது ஏரித் தண்ணீரின் வெப்பநிலை ஒன்றைத்தான். “தண்ணி இப்ப எத்தினை பாகை?” சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு உங்கள் மனைவி தொலைபேசியில் அழைத்தார். சாம்பலை உங்கள் கல்லடியில்தான் கரைக்கவேண்டும் என்று நீங்கள் கேட்டிருந்தீர்களாம். உங்கள் படகும் அதிலிருந்த இடங்காட்டும் கருவியும் விற்றாகிவிட்டது, இடம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்றார். ஓம் என்றேன். இதை நம்புங்கள், அன்று காலை உங்களைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகத்தான் புறப்பட்டேன். உங்கள் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், வெள்ளைச் சேலையில் முன்னால் இருந்தார். உங்கள் மகள் சாம்பல் இருந்த மண்பானையை மடியில் வைத்திருந்தாள். ஏரி அசையாமல் கிடந்தது. தண்ணீர்த் தாங்கி கோபுரத்துக்குப் பின்னால் பாதி மறைந்துவிட்டது. இன்னும் இரண்டு நிமிட ஓட்டம்.

அப்போதுதான் அக்கா சொன்னார். “சாகிறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னம் உங்களைப் பற்றித்தான் கதைச்சவர். ‘அவவைக் கேள், நான் ஒருக்கா இடத்தைக் காட்டினனான், மறந்திருக்க மாட்டா’ எண்டு.”

ஒருக்கா காட்டினனான். சாகப்போகிற வாயாலும் அதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

நான் எஞ்சின் பிடியைத் திருப்பினேன். தண்ணீர்த் தாங்கி மறுபடி வெளியே வந்தது. கோபுரத்தை விட்டு நன்றாக விலகும்வரை ஓடினேன். அரைமைல் கிழக்கே வந்து எஞ்சினை நிறுத்தினேன். “இதுதானா அப்பாட ஸ்பொட்?” என்று மகள் கேட்டாள். “ஓம், பிள்ளை” என்றேன். பானையைக் கவிழ்த்தாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அண்ணை. வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் அழ, நான் குனிந்து என் முகத்தை மறைத்துக்கொண்டேன். நீங்கள் கிடக்கிற இடத்தை விபரமாகவே சொல்கிறேன், கேளுங்கள். பன்னிரண்டு அடி ஆழம். அடியில் கரிய சேறு, அதன்மேல் முழங்கால் உயரப் பாசி. ஒரு கூழாங்கல் கிடையாது. பாஸ் மீன் எட்டியும் பார்க்காது. நீங்கள் அனுபவமுள்ள ஆள், இதற்குமேல் உங்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

உங்கள் ஆண்டுத் திவசம் முடிந்து, போன ஞாயிறு அவர்கள் மறுபடி வந்தார்கள். அடையாளம் ஒன்றுமில்லாத அந்த வெறும் இடத்துக்கு நான் பத்தடி பிசகாமல் கொண்டுபோனேன். அக்கா பூவை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார். “இதுக்குக் கீழ நிறைய மீன் நிக்குமோ?” என்று கேட்டார். நிற்கும் என்றேன். மகள் தண்ணீருக்குள் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். முகம் அப்படியே உங்களுடையது. எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று புரண்டது. அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்து உங்களுக்குத் தர நான் தயாரில்லை.

திரும்பும்போது அக்கா என் கையைப் பிடித்தார்.

“நீங்கள் இல்லாட்டி இந்த இடம் எங்களுக்குத் தெரிய வந்திராது, தங்கச்சி. கண்டுபிடிச்சுத் தந்தது நீங்கள்தான்.”

எட்டு வருடம் உங்களிடம் காத்திருந்த வசனம் அது. உங்கள் வீட்டிலிருந்தே வந்தது, சேற்றின் மேல் வைத்து வந்தது. வாங்கிக்கொண்டேன். இன்னும் வைத்திருக்கிறேன். அதைத் திருப்பிக் கொடுக்க நினைத்தால் அவர்களை ஏற்றிக்கொண்டு அரைமைல் மேற்கே ஓடி, நடந்ததைச் சொல்லவேண்டும். அடுத்த வருடமும் கூட்டிக்கொண்டு போவீர்களோ என்று அக்கா கேட்டார். ஓம் என்றேன். சேற்றுக்குத்தான் போவோம்.