ஹஜ்ரத்தின் நீண்ட ஸஜ்தா

9, வெள்ளி. பனி. மப்ளர் கட்டியும் காது வலி.

எழுத நினைப்பவை:
1. பத்து நாளாகப் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்தின் ஸஜ்தா மிக நீளம்.
2. காரணம், அவர் அதில் சொந்த வேண்டுதலாக துஆ கேட்கிறார்.
3. என் முழங்கால்.

மாலை அஸர் தொழுகையில் எண்ணிப் பார்த்தேன். ஸஜ்தாவில் தரையில் நெற்றியை வைத்து, இறைவனைத் துதிக்கும் தஸ்பீஹ் மூன்று தடவை சொன்னால் போதும். நான் பதினொன்று முடித்தும் அவர் எழவில்லை. அவர் எழாமல் நாங்கள் எழக் கூடாது. என் வேகம் கூடுதலோ? சந்தேகம். மீதி நேரத்தில் மனதுக்குள் துஆ: மனைவியின் கண் ஆபரேஷன், மகளுக்குப் பொம்மிடிக்கு வேலை மாற்றல், மாடித் தொட்டி ஒழுகல். கடைசிச் சுற்றில், நான்காம் ரக்அத்தில், மிக்ஸி ரிப்பேர் வரை போய்விட்டேன்.

முழங்கால்: ஸஜ்தாவுக்கு இறங்கும்போது 'யா அல்லாஹ்' என்று ஒரு முனகல் வரும். போன மாதக் கடைசியில் டயர் கடை பஷீர் கேலி செய்தான்: "பாய் கீழ போனா பழைய பஸ்ஸு பிரேக் போட்ட மாதிரி இருக்குதுங்க." அன்று முதல் உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்குகிறேன்.

வெளியே வந்ததும் பஷீர் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியிடம், "ஹஜ்ரத்து தலைய வெச்சா, ஒகேனக்கல் போயி மீன் தின்னுட்டே வந்துறலாம். கடைல ஆளுங்க நிக்கறாங்க."

முத்தவல்லி: "ஞாயித்துக்கெழம கமிட்டில பேசி வேற ஆளப் பாத்துரலாம். வாத்தியாரு பாய், என்ன சொல்றீங்க?"

தலையாட்டினேன். ஏன்? தெரியவில்லை. யார் கேட்டாலும் ஆடிவிடுகிறது.

10, சனி. முழங்கால் வீக்கம். தொழுகை வீட்டில், நாற்காலியில். மாலை பஷீர் வாசலில் வண்டியை நிறுத்தி, "இன்னைக்கு ஹஜ்ரத்து ரயிலு மாதிரி ஓட்டிட்டாருங்க! கமிட்டின்னதும் பயம் வந்துருச்சு."

ஹஜ்ரத்துக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். இங்கிருந்து அனுப்பினால் எங்கே போவார்? சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு தோசைதான்.

11, ஞாயிறு. வெயில். வீக்கம் குறைவு. மதியம் லுஹர் தொழுகை மறுபடி நீளம். பயந்து பயந்து அவரிடமே கேட்டேன்.

"ஹஜ்ரத், நேத்து சீக்கிரமாமே?"

"நேத்து நீங்க வரலையேங்க." அவருக்குக் கூச்சம். "நீங்க எறங்க நேரமாகும். உங்க 'யா அல்லாஹ்' கேட்டப்பறந்தான் நான் தஸ்பீஹே ஆரம்பிப்பேன். இப்பல்லாம் சத்தமே வர்றதில்ல. எறங்கிட்டீங்களா, பாதியில நிக்கறீங்களான்னு தெரியாம காத்துட்டே கெடப்பேன்."

முழங்காலைத் தடவிக்கொண்டே வெளியே வந்தேன்.

கமிட்டி. எழுந்தேன். முழுவதையும் மூன்று முறை சொன்னேன். முதல் இரண்டு முறை யாருக்கும் கேட்கவில்லை. பஷீர் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டான். முத்தவல்லி, "ஹஜ்ரத்து இங்கயே இருக்கட்டும். நீங்க நல்லா சத்தமா மொனகுங்க பாய், அவனவன் நேரத்துக்குக் கடைக்குப் போகட்டும்."

அஸர். முனகினேன். பின்வரிசையில் யாரோ இருமலை வைத்துச் சிரிப்பை மறைத்தார்கள். மூன்றே தஸ்பீஹ், ஹஜ்ரத் எழுந்துவிட்டார். எனக்கோ துஆ மனைவியின் கண்ணோடு சரி. மகள், தொட்டி, மிக்ஸி எல்லாம் அப்படியே நிற்கின்றன.

ஆகவே 2 தவறு. ஸஜ்தாவில் சொந்த துஆ கேட்டுக்கொண்டிருந்தது அவரல்ல, நான்.