ஆழி என்று எழுதிய கை

இன்று காலை புதிய சிவப்புச் சாயக் குழாயைத் திறந்தேன். எண்ணெய் வாசம் அறையெங்கும் பரவியது. உன் நினைவு வந்துவிட்டது. உன் படங்களில் நீ சிவப்பால்தான் கையெழுத்திடுவாய்.

அந்தக் கையெழுத்தைக் கண்டுபிடிக்க உனக்கு ஒரு மாரிகாலம் முழுவதும் பிடித்தது. கடற்கரை வீதியில், நாமிருவரும் படம் வரைந்த வாடகை அறையில், பழைய பத்திரிகைத் தாள்களில் எழுதி எழுதிக் கசக்கி எறிந்தாய். "அப்பாவின்ர பேர் வேண்டாமடி. கலியாணம் கட்டினா அதுவும் மாறிப்போம். என்ர படத்துக்கு நான் வைச்ச பேர் இருக்கோணும்" என்றாய். கடைசியில் 'ஆழி' என்று வைத்துக்கொண்டாய்.

நிலாவெளி ஹோட்டலில் விற்கப் படங்களைக் கொண்டுபோன அன்று, சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் உன் துறைமுகப் படத்தை விரித்தான். தமிழ் தெரிந்த பொலிஸ்காரன் ஒருவன் அதன் மூலையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு உன் அடையாள அட்டையைப் பார்த்தான்.

"அட்டையில ஒரு பேர், படத்தில ஒரு பேர். இயக்கம் வைச்ச பேரோ?"

"இல்லை. நான் வைச்சது."

உன் வலக்கையை மேசையில் அழுத்திப் பிடித்துத் துவக்குப் பிடியால் அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கத்திய என்னைத் தலைமயிரில் பிடித்து மண்ணில் தள்ளினார்கள். மறுபடி கேட்டபோது உன் வாயிலும் இரத்தம். "நான் வைச்சது" என்றே சொன்னாய். உன்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பல வாரங்களுக்குப் பிறகு விட்டார்கள். இரண்டு விரல்கள் அதன்பின் மடங்கவே இல்லை. "வேற பேர் போடு பிள்ளை" என்று உன் அம்மா அழுதா. நீ தூரிகையைத் துணியால் கையோடு கட்டிக்கொண்டு, "அடிச்சாப்போல பேர் மாறுமே அம்மா?" என்றாய். அடுத்த படத்திலும் ஆழிதான்.

பிறகு, நீ மீன் வாங்கப் போன ஒரு காலையில் சந்தையில் குண்டு வெடித்தது. ஆஸ்பத்திரியில் உனக்கு முகம் இருக்கவில்லை. மடங்காத அந்த விரல்களைப் பார்த்துத்தான் நீ என்று சொன்னேன்.

மூடிய சவப்பெட்டியின் மேல், கீழ்மூலையில், உன் கையெழுத்தை எழுதத் தூரிகையை எடுத்தேன். உன் சித்தப்பா தடுத்தார். "அந்தப் பேரால பட்டது போதாதோ?"

உன் அம்மா எழுந்து வந்து அவர் கையை விலக்கினா. "நீ எழுது பிள்ளை. அவள் தனக்கு வைச்ச பேர்."

எழுதினேன். சாயம் காயுமுன்னே உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

என் படங்களில் என் பெயரை எழுதும்போது இப்போதும் அந்தப் பொலிஸ்காரனின் கேள்வி காதில் கேட்கும். கேட்டாலும் எழுதி முடித்த பிறகுதான் தூரிகையைக் கழுவுகிறேன்.